எங்க ஆளு

அமெரிக்காவில் பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் நாள், ஆசிரியர் வகுப்புக்குள் வந்ததும் நான் எழுந்து நின்றேன். மற்ற யாரும் எழவில்லை. காலை நீட்டிக்கொண்டும் பபிள்கம் மென்றுகொண்டும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நான் வெளியே போக அனுமதி கேட்கிறேன் என்று நினைத்து ஆசிரியர் கதவைக் கை காட்டினார். நான், "குட் மார்னிங் சார்" என்றேன், எங்கள் கான்வென்டில் சொல்வதுபோல் ராகம் போட்டு. வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததாக இப்போது தோன்றவில்லை. அன்றைக்குக் காது மடல் இரண்டும் எரிந்தன.

அப்போது எனக்குப் பதினேழு வயது. திருக்காட்டுப்பள்ளியில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் போக வேண்டிய கிராமம் எங்களுடையது. அப்பாவுக்கு ஊரில் பெரிய மிராசு. எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் கத்தோலிக்கர்கள். வயலில் வேலை செய்த கீழத்தெருக்காரர்களும் கத்தோலிக்கர்கள்தான். ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நில உச்சவரம்பை இன்னும் குறைக்கப் போகிறார்கள், கூலியைச் சட்டம் போட்டு உயர்த்தப் போகிறார்கள் என்று அப்பாவும் அவருடைய நண்பர்களும் தினம் பேசிக்கொள்வார்கள். கிழக்கே மட்டும் இருந்த விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் சிவப்புக் கொடி எங்கள் பக்கத்து வரப்புகளுக்கும் வந்துகொண்டிருந்தது. தஞ்சாவூரில் நான் படித்த கான்வென்டின் சிஸ்டர் ஒருவர், மாணவர்களை ஒரு வருடம் அமெரிக்காவுக்கு அனுப்பும் திட்டம் ஒன்றைச் சொன்னபோது அப்பா உடனே சரி என்றதற்கு அதுதான் காரணம்.

"நிலத்தை இந்த கவர்மெண்டு எடுத்துக்கும். இவ படிப்பை எவன் எடுத்துக்க முடியும்?" என்று அம்மாவிடம் சொன்னார்.

விண்ணப்பத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் சிஸ்டர் 'ஃபார்மர்' என்று எழுதினார். மிராசுதாருக்கு இங்கிலீஷில் வேறு என்ன எழுதுவது? அந்த ஒரு சொல்லைப் பார்த்துத்தான், சோளக்காட்டுக்கு நடுவில் மாட்டுப் பண்ணை வைத்திருந்த ஒரு குடும்பம் என்னைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளச் சம்மதித்தது. விவசாயி வீட்டுப் பெண் விவசாயி வீட்டில் இருந்தால் சௌகரியமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். அந்த வீட்டு அப்பா விடியும் முன்னே மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார். பிள்ளைகளும் பால் கறந்து, சாணி அள்ளி, குளித்துவிட்டுப் பள்ளி பஸ்ஸுக்கு ஓடி வருவார்கள். எனக்கு மாட்டின் அருகில் போகவே பயம். எங்கள் கொட்டகையில் எத்தனை மாடு என்று அவர்கள் கேட்டபோது நான் குத்துமதிப்பாக ஒன்றைச் சொன்னேன்.

அந்த வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் தட்டை மேஜையிலேயே விட்டுவிட்டுக் கைகழுவப் போய்விடுவேன். ஊரில் அப்படித்தான் பழக்கம். எச்சில் தட்டை யார் எடுக்கிறார்கள் என்று நான் பார்த்ததே இல்லை. ஒரு நாள் திரும்பி வந்தபோது, என்னைவிடச் சின்னவனான அந்த வீட்டுப் பையன் என் தட்டையும் சேர்த்து நின்று கழுவிக்கொண்டிருந்தான். நான் வந்த நாளிலிருந்தே அவன்தான் கழுவியிருக்கிறான். அவன் ஒன்றும் சொன்னதில்லை, அவன் அம்மாவும் சொன்னதில்லை. விருந்தாளிக்குக் கொஞ்ச நாள் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

பள்ளி உணவுக்கூடத்தில் அந்த அவகாசம் கிடைக்கவில்லை. தட்டை விட்டுவிட்டு எழுந்து நடந்தபோது, பரிமாறுகிற அம்மாள் கூடமே திரும்பும்படி ஒரு சத்தம் போட்டார்: "ஏம்மா பொண்ணு, இங்க உனக்கு வேலைக்காரி யாரும் கிடையாது!" நான் திரும்பி வந்து தட்டை எடுத்தேன். எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லாமே தலைகீழாக இருந்தது. எங்கள் பள்ளியில் நாங்கள் உட்கார்ந்திருப்போம், ஆசிரியர் வருவார். அங்கே ஆசிரியர் இருந்த இடத்தில் இருப்பார், மணி அடித்ததும் பிள்ளைகள்தான் அறை அறையாக ஓட வேண்டும். நடைவழியில் ஆணும் பெண்ணும் கைகோத்துக்கொண்டு நிற்பார்கள். என் வயதுப் பையன்கள் காரை ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினார்கள். விளையாட்டு வகுப்பு முடிந்தால் பெண்கள் எல்லாரும் தடுப்பில்லாத ஒரே அறையில் குளிக்க வேண்டும். நான் வாராவாரம் வயிற்றுவலி என்றேன். ஒரு நாள் ஆசிரியை, "உனக்கு மாசம் முழுக்கவா வயித்துவலி?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

இன்னொன்று, என் பெயர். அங்கே எல்லாருக்கும் குடும்பப் பெயர் ஒன்று வேண்டும். எனக்கு அப்படி ஒன்று இல்லாததால் அப்பாவின் பெயரைப் பதிந்துவிட்டார்கள். வருகை எடுக்கும்போது ஆசிரியர்கள் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அதையும் பாதியாக முறித்து. எனக்கு உடம்பெல்லாம் கூசும். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் வாயால் சொன்னதில்லை. கீழத்தெருவில் அதே புனிதரின் பெயரை ஞானஸ்நானத்தில் வாங்கிய பிள்ளைகளைக்கூட அவர்கள் வேறு ஏதாவது சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

அந்தப் பெயரால்தான் எனக்கு ஒரு தோழி கிடைத்தாள். நடைவழிச் சுவர் நெடுக இரும்பு அலமாரிகள் இருக்கும், ஆளுக்கு ஒன்று, பெயர் வரிசைப்படி. சாவி கிடையாது. ஒரு வட்டத்தை இப்படியும் அப்படியும் திருகி எண்களைப் பொருத்தினால் திறக்கும். எனக்கு அது திறக்கவே இல்லை. புத்தகம் அத்தனையையும் மார்பில் அணைத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாக அலைந்தேன். பக்கத்து அலமாரிக்காரி சில நாள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு நாள் என் எண்களைக் கேட்டாள். திருகினாள். பிறகு முஷ்டியால் கதவில் ஒரு குத்து விட்டாள், திறந்துகொண்டது.

"இதுக்குச் சொன்னாப் புரியாது, ரெண்டு போடணும்" என்றாள். அவள் ஆங்கிலத்தில் பேசியதெல்லாம் எனக்குள் தமிழாகவே தங்கிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

அவள் கறுப்பினப் பெண். அந்தப் பள்ளியில் அவர்கள் மிகக் கொஞ்சம் பேர். பருத்தி விளைகிற ஒரு தெற்கு மாநிலத்திலிருந்து அவளுடைய பெற்றோர் வேலை தேடி வடக்கே வந்திருந்தார்கள். அவள் அப்பா இறைச்சி ஆலையில் வேலை பார்த்தார். உணவுக்கூடத்தில் ஜன்னலோர மேஜை ஒன்றில்தான் அவர்கள் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். அலமாரி திறந்த அன்று மத்தியானம், தட்டோடு எங்கே உட்காருவது என்று தெரியாமல் நான் நின்றபோது, அவள் பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"ஏன் கம்பம் மாதிரி நிக்கிற? உக்காரு."

அதற்குப் பிறகு தினமும் எனக்காக அந்தப் பை கீழே இறங்கியது. அந்த மேஜையில் இருந்தவர்கள் என்னைப் பற்றி நிறையக் கேட்டார்கள். வெள்ளைக்காரன் எங்களை ஆண்டது, சுதந்திரத்துக்காக எங்கள் ஊர்க்காரர்கள் சிறைக்குப் போனது எல்லாம் சொன்னேன். "அப்ப நீ எங்க பக்கம்" என்றான் ஒரு பையன். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் என்னைக் கறுப்பினப் பிள்ளைகள் தங்களில் ஒருத்தியாக நடத்துகிறார்கள் என்று எழுதவில்லை. ஆனால் மனதுக்குள் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். குளியலறைப் பிரச்சினையையும் அவள்தான் தீர்த்தாள். பெரிய துண்டு ஒன்றை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றாள். "சீக்கிரம் குளி. எனக்குக் கை வலிக்குது" என்றாள். அந்த வருடம் முழுவதும் நான் அந்தத் துண்டுக்குப் பின்னால்தான் குளித்தேன்.

பனி உருகத் தொடங்கிய சமயத்தில், சமூகவியல் ஆசிரியர் நடைவழியில் இருந்த கண்ணாடிப் பெட்டியை ஒரு வாரத்துக்கு என் நாட்டுக்கு ஒதுக்கினார். படங்கள் வேண்டும் என்று நான் முன்பே வீட்டுக்கு எழுதியிருந்தேன். அப்பா தஞ்சாவூரிலிருந்து ஸ்டூடியோக்காரர் ஒருவரை வரவழைத்து, தை அறுப்பின்போது களத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். களத்தின் நடுவில் நாற்காலியில் அப்பா, இஸ்திரி போட்ட சட்டையும் அங்கவஸ்திரமுமாக. பக்கத்தில் நெல் குவியல். பின்னால் ஒருவர், இடுப்பில் கட்டிய துண்டோடு, வெற்று மேலோடு, அப்பாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கும் பின்னால் அறுப்பு ஆட்கள், ஆணும் பெண்ணும், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

அந்தப் படத்தைப் பார்த்து வீட்டு ஞாபகத்தில் நான் அழுதேன். கண்ணாடிப் பெட்டியின் நடுவில் அதைத்தான் வைத்தேன். தஞ்சாவூர்க் கோபுரத்தை ஓரத்துக்குத் தள்ளினேன். அதில் பார்க்கக் கூடாதது ஏதாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தோழி வந்து பெட்டியின் முன்னால் நின்றாள். மற்றப் படங்களை வேகமாகப் பார்த்துவிட்டு இதில் நின்றுவிட்டாள்.

"இது யாரு?"

"எங்க அப்பா."

"நாற்காலியிலயா?"

"ஆமா."

"விவசாயின்னு சொன்னியே."

"விவசாயிதான். இந்த நெல்லு எல்லாம் எங்களுது."

அவள் விரல் கண்ணாடிமேல் நகர்ந்தது. "குடை பிடிக்கிறவரு?"

எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வதைத்தான் நான் இங்கிலீஷில் சொன்னேன். எங்க ஆளு. அவருடையது எங்கள் பண்ணையில் தலைமுறை தலைமுறையாக வேலை பார்க்கிற குடும்பம். எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள்.

"உங்க ஆளா?" என்றாள். நான் சொன்ன வார்த்தைகளையே அவள் திருப்பிச் சொன்னபோது, அவை நான் சொன்னவைபோல் இல்லை. "உங்களுக்குச் சொந்தமான ஆளா?"

"அப்படி இல்ல. எங்ககிட்ட வேலை பாக்குறாரு."

"அவரை நீ என்னன்னு கூப்பிடுவ?"

"பேர் சொல்லி."

"நீயா? அவருக்கு உன் தாத்தா வயசு இருக்கும் போல."

பெயரோடு வேறொரு எழுத்தும் சேரும் என்பதை ஆங்கிலத்தில் சொல்ல வழியில்லை. அந்த வசதிக்காக அந்த நிமிடத்தில் நான் சந்தோஷப்பட்டேன்.

அவள் கோபப்படவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "எங்க வீட்லயும் இதே மாதிரி ஒரு படம் இருக்கு. பருத்திக் காட்டுல எடுத்தது. எங்க தாத்தா நின்னுக்கிட்டிருப்பாரு. நாற்காலியில உக்காந்திருந்தவனை எங்க அம்மா கத்தரிச்சு எடுத்துட்டாங்க. அதனால படம் பாதிதான் இருக்கும்."

மணி அடித்தது. இரண்டடி போனவள் திரும்பி வந்தாள்.

"நீங்க கிறிஸ்தவங்கதானே? அவரும் உங்க கோயிலுக்குத்தான் வருவாரா?"

"ஆமா, வருவாரு." அதையாவது சொல்ல முடிந்ததே என்று வேகமாகச் சொன்னேன்.

"எங்க உக்காருவாரு?"

எங்கள் கோயில் சிலுவை வடிவத்தில் கட்டியது. நடுவில் எங்கள் தெருவுக்கான பெஞ்சுகள். சிலுவையின் இடது கையில், இரும்புக் கிராதிக்கு அந்தப் பக்கம், கீழத்தெருக்காரர்கள் தரையில் உட்காருவார்கள். சாமியார் நற்கருணையை முதலில் எங்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் அங்கே போவார். இது அத்தனையும் எனக்குத் தெரியும். ஆனால் அவள் கேட்கும்வரை, எனக்குத் தெரியும் என்பது எனக்கே தெரியாது. "கோயில்லதான்" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு வகுப்புக்குப் போனாள்.

மறுநாள் மத்தியானமும் ஜன்னலோர மேஜையில் அந்தப் பை கீழே இறங்கியது. நான் தூரத்திலிருந்தே பார்த்தேன். என்னால் அங்கே போக முடியவில்லை. நான் தங்கியிருந்த வீட்டுப் பெண்ணோடு போய், மாட்டுப் பண்ணைப் பிள்ளைகளின் மேஜையில் உட்கார்ந்தேன். என்னை அவள் ஒதுக்கியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நடைவழியில் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பாள். விளையாட்டு வகுப்பு முடிந்ததும் துண்டை விரித்துக்கொண்டு வழக்கம்போல் நிற்பாள். துண்டுக்கு இந்தப் பக்கம் நான் முன்னைவிட வேகமாகக் குளித்தேன். பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. வருடக் கடைசியில் பள்ளி மலர் ஒன்று கொடுப்பார்கள். எல்லாரும் எல்லாருடைய மலரிலும் ஏதாவது எழுதிக் கையெழுத்துப் போடுவது வழக்கம். என்னுடையதை அவளிடமும் நீட்டினேன். 'எப்போதும் இதேபோல் இனிமையாக இரு' என்று எழுதிக் கொடுத்தாள். அந்த வருடம் யார் யாருக்கோ, முகம் தெரியாதவர்களுக்குக்கூட, எல்லாரும் எழுதிய வாக்கியம் அது.

நான் ஊர் திரும்பியபோது குறுவை நடவு முடிந்து வயல் பச்சை பிடித்திருந்தது. வந்த அன்று மத்தியானச் சாப்பாட்டில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விசாரித்தார். பனி எப்படி, பள்ளிக்கூடம் எப்படி, சாப்பாட்டுக்கு என்ன செய்தாய். பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்தக் களத்துப் போட்டோவை வச்சியா? பாத்துட்டு என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

அவர் முகத்தில் அப்படி ஒரு ஆவல். அந்தப் படத்துக்காகவே அன்றைக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டவர்.

"எல்லாரும் அதைத்தான் ரொம்ப நேரம் பாத்தாங்கப்பா" என்றேன்.

பொய் இல்லை. அப்பா சிரித்தார். சாயங்காலம் அதைத் தெருவில் நாலு பேரிடம் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் வளர்ந்தது. கடைசியில் அந்த ஊர்ப் பத்திரிகையில் படம் வந்ததாகவே ஆகிவிட்டது. நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவுக்காக வெட்கப்பட்டேனா, என்னால் அவர் இப்படிப் பேசும்படி ஆனதற்கு வெட்கப்பட்டேனா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிட்டதால் அந்த வருடம் வீட்டோடு இருந்தேன். படத்தில் குடை பிடித்தவர் இரண்டாம் நாளே கொல்லைப் பக்கம் வந்தார். சின்ன வயதில் மாதா திருவிழாத் தேர் பார்க்க என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர். நான் பேசப் பழகியபோதே அவரிடம் பெயரும் 'டா'வும் சேர்த்துத்தான் பேசப் பழகினேன். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான். நான் இல்லாத வருடத்தில் அவர் சங்கத்தில் சேர்ந்திருந்தார். அம்மா கடிதத்தில் அதை எழுதவில்லை, வந்தபிறகுதான் சொன்னாள்.

விமானத்தில் வரும்போதே நான் முடிவு செய்திருந்தேன். கொல்லைக் கதவருகே அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றேன்.

"வாங்க. உக்காருங்க" என்றேன்.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் முறத்தோடு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார்.

"என்ன பாப்பா இது?"

"வாங்கன்னுதான் சொன்னேன்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சங்கத்துல சேந்ததுலேருந்து ஐயா திட்டுறாரு. அது பரவால்ல, அவரு திட்டலாம். போன வாரம் மேலத்தெருக்காரரு ஒருத்தரு, கடைத்தெருவுல வச்சு, 'வாங்க தலைவரே, உக்காருங்க'ன்னாரு. நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. இப்ப நீங்களுமா பாப்பா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த 'ங்க'வை எங்கள் தெரு இதற்குள் கேலிக்கு எடுத்துக்கொண்டுவிட்டது என்பது எனக்குத் தெரியாது. அப்படி இல்லை என்று எப்படியாவது அவருக்குப் புரியவைக்க வேண்டும் என்ற பதற்றத்தில் வாயில் வந்தது இதுதான்:

"ஐயோ, கேலி பண்ணலடா! நெசமாத்தான்டா சொல்றேன்!"

அவர் முகம் தெளிந்தது. தோள் தளர்ந்தது. "அதானே பார்த்தேன்" என்று சிரித்தார். "நம்ம பாப்பா அப்படியெல்லாம் பேசாதே" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவும் சிரித்துக்கொண்டே, "அமெரிக்கா போயிட்டு வந்து இதுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு" என்றபடி, கொட்டகைக் கூரையில் செருகியிருந்த அவருடைய அலுமினிய டம்ளரை எடுத்து நீட்டச் சொன்னாள். அதில் காப்பியை உயரத் தூக்கி ஊற்றினாள். அவர் கொட்டகை ஓரமாகக் குந்தி உட்கார்ந்து குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிச் செருகிவிட்டுப் போனார். நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவரிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல், பேசுவதையே குறைத்துக்கொண்டேன். 'வந்தாச்சா', 'சாப்பிட்டாச்சா' என்று, யாரையும் எந்த இடத்திலும் வைக்காத வார்த்தைகளாகத் தேடித் தேடிப் பேசினேன்.

குறுவை அறுப்பு நெருங்கியபோது ஊரில் பேச்சு முற்றியது. களத்தில் அளக்கிற கூலி நெல்லைக் கூட்டினால்தான் அரிவாளைத் தொடுவோம் என்றது சங்கம். வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்குவோம் என்றார்கள் மிராசுதார்கள். கதிர் முற்றித் தலை சாய்ந்துகொண்டிருந்தது, வானமும் கறுத்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை தாசில்தார் முன்னிலையில் பேச்சுவார்த்தை என்று ஏற்பாடு.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பூசை தொடங்கும் முன் நான் எங்கள் பெஞ்சைத் தாண்டி நடந்தேன். கிராதியைச் சுற்றிப் போய், கீழத்தெருப் பெண்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தேன். அமெரிக்காவில் தோழி கேட்டிருந்த கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டதுபோல ஒரு நிமிடம் இருந்தது. அந்த ஒரு நிமிடம்தான்.

என்னைச் சுற்றியிருந்த பெண்கள் நகர்ந்துகொண்டார்கள். எனக்கு நாலு பக்கமும் தரை காலியானது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி எழுந்து சுவரோரம் போய்விட்டாள். வயதான ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"பாப்பா, எந்திரிச்சு உங்க எடத்துக்குப் போயிருங்க."

"நான் இங்கயே இருக்கேனே."

"நீங்க இருந்துட்டுப் போயிருவீங்க. நாங்க கூப்பிட்டு உக்கார வச்சோம்னு நாளைக்குப் பேச்சு வரும். கூலி பேசப் போற நேரத்துல இது வேற வேணாம் தாயி. கும்புடுறேன், போயிருங்க."

உண்மையாகவே கையெடுத்துக் கும்பிட்டார். நான் எழுந்தேன். கிராதியைச் சுற்றி மறுபடி நடக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கத்துக் கண்களும் என்மேல் இருந்தன. அம்மா முகத்தைத் திருப்பாமலே நகர்ந்து இடம் விட்டாள். ஆண்கள் பக்கத்தில் அப்பாவின் பிடரி அசையவில்லை. பீடத்தில் சாமியார் மெழுகுவத்தி எரிகிறதா என்று பார்ப்பதுபோல் நின்றார். பிறகு மணி அடித்துப் பூசை தொடங்கியது.

வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. அந்தப் பெண் சொன்னதுதான் நடந்தது. திங்கட்கிழமைப் பேச்சுவார்த்தையில், கூலியைப் பற்றிப் பேசும் முன்பே மிராசுதார் ஒருவர், எங்க வீட்டுப் பெண்பிள்ளைகளைக் கோயிலில் வைத்தே கெடுக்கிறார்கள் என்று தொடங்கியிருக்கிறார். சங்கத்தின் சார்பில் போயிருந்தவர், படத்தில் குடை பிடித்த அந்தப் பெரியவர்தான், எழுந்து, தாசில்தார் முன்னால், எங்க பொம்பளைங்க யாரும் கூப்பிடலைங்க, பாப்பாவாத்தான் வந்துச்சு, மாதா சத்தியம் என்று சொல்ல வேண்டிவந்ததாம். அதற்குப் பிறகுதான் நெல்லைப் பற்றிப் பேச விட்டிருக்கிறார்கள். சங்கம் கேட்டதில் பாதி கிடைத்தது. மழைக்கு முன் அறுப்பு நடந்தது. இதையெல்லாம் அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்து அறையில் இருந்தேன். "எதிர்ல நாற்காலி போட்டு உக்காந்துட்டான். இவளுக்காக அவன் சத்தியம் பண்றான், நான் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றார் அப்பா. அவர் குரல் உடைந்திருந்தது. அப்பா அவமானப்பட்டதை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அறுப்பு முடிந்து அந்தப் பெரியவர் வழக்கம்போல் கொல்லைக்கு வந்தார். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பாப்பா, மேல படிக்கப் போறீங்களாமே, திருச்சிக்கா?" என்று மட்டும் கேட்டார்.

திருச்சியில் விடுதியில் இருந்த இரண்டாம் வருடம், விடுமுறைக்கு வந்திருந்தேன். இரண்டு நாளாகக் கொல்லைப் பக்கம் அவரைக் காணவில்லை. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அவரு ஏம்மா வரல?" என்று கேட்டேன்.

"எவரு?"

"கொட்டகைக்கு வருவாரே, அவருதான்."

அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை. நான் அவருடைய பெயரைச் சொன்னேன்.

"அட, அவனா?" என்றாள் அம்மா. "ஆடி மாசமே போயிட்டானே. காய்ச்சல் வந்து நாலு நாள்ல. ஒனக்கு நான் எழுதல?"

அந்த ஐப்பசியில் கல்லறைத் திருநாளுக்கு நான் ஊரில் இருந்தேன். எங்கள் தெருக் கல்லறைத் தோட்டத்தில் தாத்தாவுக்கும் மற்றவர்களுக்கும் மாலை போட்டு மெழுகுவத்தி ஏற்றினோம். கீழத்தெருவின் கல்லறை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அங்கேயும் வெளிச்சம் தெரிந்தது, பெண்கள் செபமாலை சொல்லும் சத்தம் கேட்டது. கையில் மீந்த ஒரு மெழுகுவத்தியோடு வாய்க்கால் கரைவரை போனேன். மதகுப் பலகையைத் தாண்டினால் போதும். என்னைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் ஒரு பெண் செபத்தை நிறுத்தினார். அடுத்தவரும் நிறுத்தினார். நான் வந்த வழியே திரும்பினேன். கொஞ்ச தூரம் வந்தபிறகு செபமாலை மறுபடி தொடங்கியது காதில் விழுந்தது.